கோட்டுக்கு வெளியே ஓடிய நீலம்

பிரிண்டிங் மாஸ்டர் அந்த ஆர்ட்வொர்க்கை மேஜையில் விரித்துப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏனுங்க தம்பி, இது பூரா ரெஜிஸ்டர் வெலகிக் கெடக்குதே. இதையா பையர் அனுப்பிச்சிருக்கறாங்க?" என்று கேட்டார்.

அவர் சொன்னது சரிதான். கறுப்புக் கோட்டில் ஒரு பூ. அந்தப் பூவுக்கு உரிய நீலம் பூவுக்குள் இல்லை. இடது பக்கமாக நாலு மில்லிமீட்டர் நகர்ந்து, பாதி இதழை வெள்ளையாக விட்டுவிட்டு, மீதி வெளியே வழிந்து கிடந்தது. இலையின் பச்சையும் அப்படியே. படம் முழுக்க அப்படியே.

நான் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் டிசைன் ரூமில் இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. வருகிற டிசைனை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன், அதாவது சாயத்தைத் துணியில் இழுத்து இறக்குகிற வலைச்சட்டம், போட ஃபிலிம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு ஸ்க்ரீன். ஆறும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். அதற்குப் பெயர்தான் ரெஜிஸ்டர். சில வருஷங்களுக்கு முன்னால் டேபிளில் ஒரு ஸ்டாப்பர் திருகு லூசாகி, ஒரே ஒரு நிறம் இரண்டு மில்லி நகர்ந்துவிட்டது. யாரும் கவனிப்பதற்குள் ஐநூறு கிலோ துணி ஓடிவிட்டது. மொத்தமும் செகண்ட்ஸாக, பழுதான துணியை மலிவாக விற்கிற காதர்பேட்டைக்குப் போனது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தத் துணியைப் பார்த்தாலும், பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் சட்டையாக இருந்தாலும், என் கண் முதலில் கோட்டின் ஓரத்துக்குத்தான் போகும்.

துணிக்கு ஆர்டர் கொடுத்த பையரின் குறிப்பில் ஒரு வரி இருந்தது: டூஃபி மாதிரி வேண்டும். யார் இந்த டூஃபி என்று அன்று இரவுதான் முதன்முறையாகத் தேடினேன். இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் ராவுல் டூஃபி 1877 ஜூன் 3-ஆம் தேதி, பிரான்ஸின் வடக்குக் கரையில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் பிறந்தவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். அப்பாவுக்குக் கணக்கெழுதும் உத்தியோகம், அதோடு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். வசதி கிடையாது, சங்கீதம் மட்டும் நிறைய. பதினாலு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு காபி இறக்குமதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் துறைமுகம், இரவில் ஊர்ச் சித்திரப் பள்ளி. அங்கே ஒத்தோன் ஃப்ரியேஸ் அவருக்குக் கூட்டாளி. பின்னால், உருவத்தைக் கட்டம் கட்டமாக உடைத்து வரைகிற கியூபிசத்தில் பெயர் வாங்கிய ஜார்ஜ் பிராக்கும் அதே பள்ளியில் படித்தவர்தான். 1900-இல் லெ ஆவ்ர் நகராட்சி கொடுத்த உதவித்தொகையில் பாரிஸுக்குப் போனார்.

1905-இல் மத்தீஸ் என்ற ஓவியரின் படம் ஒன்றைக் கண்காட்சியில் பார்த்ததும் அவர் தூரிகையே மாறிப்போனது. அடுத்த வருஷமே லெ ஆவ்ர் தெருவில் கொடிகள் கட்டிய திருநாளை வரைந்தார். தெருவை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய மூவர்ணக் கொடி தொங்கும். கொடித்துணி வழியாக, பின்னால் நடமாடுகிறவர்களின் உருவங்கள் தெரியும். துணியோடு புழங்குகிற எனக்கு இந்த ஓவியத்தின்மேல் தனி ஆசை. வெயிலுக்கு நேரே பிடித்த மெல்லிய 'வாயில்' ரகத் துணி எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். துணித் தொழிலுக்குள் இந்த மனிதர் கால் வைக்க இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

நடுவில் பிராக்கோடு சேர்ந்து தெற்கே லெஸ்டாக் போனார், ஓவியர் செசானைப் பின்பற்றிக் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தார். அந்தப் படங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. என் கதை மரக்கட்டையில்தான் தொடங்குகிறது.

கவிஞர் அப்போலினேர் மிருகங்களைப் பற்றி எழுதிய சின்னச் சின்னக் கவிதைகளுக்கு டூஃபி மரத்தில் செதுக்கிப் படங்கள் செய்து கொடுத்தார். 1911-இல் வந்த அந்தப் புத்தகத்தில் அச்சிட்டது 120 பிரதிதான். அதுவே சரியாக விற்கவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மிருகத்தைச் சுற்றி ஓர் அங்குல இடம்கூடச் சும்மா இருக்காது. இலை, கொடி, அலை என்று கறுப்பும் வெள்ளையும் பின்னிக்கொண்டு ஓரம்வரை போய் முட்டும். புத்தகப் படம் என்றால் நடுவில் உருவம் வைத்து, சுற்றிலும் வெள்ளை விடுவார்கள். இவர் துணிக்குப் போடுவதுபோல நிரப்பியிருக்கிறார். இந்தத் தொழிலில் இருக்கிற யார் பார்த்தாலும், இந்தக் கை துணிக்கு வரப்போகிற கை என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படிச் சொன்னவரின் பெயர் போல் புவாரே. பெண்களின் உடையிலிருந்து இறுக்கிக் கட்டும் கச்சையைக் கழற்றிப் போட்டவர் என்று பெயரெடுத்த, அந்தக் காலத்துப் பாரிஸின் பெரிய உடை வடிவமைப்பாளர். 1911-இல் அவர் பணம் போட, க்ளிஷி சாலையில் டூஃபிக்கு ஒரு சின்னப் பட்டறை எழுந்தது. பெயரே 'சின்னத் தொழிற்சாலை'. சாயப் பக்குவம் பார்க்க ஒரு ரசாயனக்காரரைக் கூட வைத்துக்கொண்டார்கள். டூஃபி தானே கட்டை செதுக்கினார். ஓவியக் கல்லூரியில் படித்தவர், கண்காட்சிகளில் படம் மாட்டியவர், சாயச் சட்டியின் பக்கத்தில் நின்று துணியில் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். எந்தச் சாயம் எந்தத் துணியில் ஊறிப் பரவும், எது காய்ந்ததும் மங்கும் என்பதைக் கை பழகித்தான் கற்க முடியும். அந்தப் படிப்பை அவர் முப்பத்து நாலு வயதில் படித்தார்.

அந்தப் பட்டறைத் துணியில் புவாரே தைத்த மேலங்கி ஒன்று இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் 'லா பெர்ஸ்'. வெல்வெட்டில் கட்டை அச்சு, பெரிய பெரிய இலை பூக்கள். பெர்ஸ் என்றால் பாரசீகம். பூப்போட்ட அச்சுத்துணிக்கும் பிரெஞ்சில் அதே பெயர் உண்டு. அந்தத் துணிகள் பாரசீகத்திலிருந்து வருவதாக நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அவற்றில் நிறைய நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி. 'இந்தியேன்' என்ற பெயரில் அவை பிரான்ஸில் ஒரு பித்தாகவே மாறின. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கத்த, 1686-இல் அரசு தடை போட்டது. தடை நீங்க 1759 ஆகிவிட்டது. மறுவருஷமே ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் தன் அச்சாலையைத் தொடங்கினார். பிரெஞ்சு அச்சுத்துணியின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், நம் கரையில் எழுதுகோலும் மரக்கட்டையும் பிடித்த, பெயர் தெரியாத கைகளில் வந்து நிற்கும். டூஃபி அந்தக் கொடியின் கடைசிக் கொழுந்துகளில் ஒருவர். இது தெரிந்த நாளிலிருந்து அவரை எனக்கு அந்நியராக நினைக்க முடியவில்லை.

சின்னத் தொழிற்சாலை ஒரு வருஷம்தான் ஓடியது. லியோன் நகரத்துப் பட்டு நிறுவனமான பியாங்கினி-ஃபெரியே 1912-இல் டூஃபியை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. 1928 வரை அங்கேதான். பதினாறு வருஷம். வேட்டை, நடனம், மீன்பிடிப்பு என்று பெரிய பெரிய மரச்செதுக்குகளாகச் செய்தவற்றைத் துணிக்கும் கொண்டுவந்தார். தூர்னோன் என்ற ஊரில் இருந்த அவர்களுடைய அச்சாலையில் அவை பருத்தியிலும் லினனிலும் ஏறின. பட்டில் ரோஜா வரைந்தார், யானை வரைந்தார், டென்னிஸ் ஆடுகிறவர்களை வரைந்தார்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. டூஃபியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தப் பதினாறு வருஷத்தை வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை என்று இரண்டு வரியில் தாண்டிப் போகிறார்கள். அவர் ஓவியத்தை இறக்கிப் பேச வேண்டுமென்றால் 'வெறும் அலங்காரம்' என்கிறார்கள். அலங்காரம் என்ற சொல்லைத் திட்டுச் சொல்லாக்கியவர்கள் ஒருநாளாவது ஒரு ரிப்பீட்டை உட்கார்ந்து பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பூவைக் காகிதத்தில் அழகாக வரைந்துவிடலாம். அந்தப் பூ மேலும் கீழும் பக்கத்திலும் நூறு தடவை வரும்போது, நடுவில் கோடு விழாமல், சந்து தெரியாமல், கண் எங்கேயும் தடுக்கி விழாமல் ஓட வேண்டும். அதற்கு வேறு மூளை வேண்டும்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். டூஃபியின் ஓவியத்தைப் பார்த்த உடனே அவருடையது என்று அடையாளம் சொல்லவைக்கும் அந்தக் குணம், கோடு ஒரு பக்கமும் நிறம் ஒரு பக்கமும் போகிற அந்தக் குணம், துணிப் பட்டறையில் முளைத்தது.

அவர் சொன்ன காரணம் வேறு. 1926 வாக்கில் ஓன்ஃப்ளூர் துறைமுகத்தில் ஒரு சின்னப் பெண் ஓடுவதைப் பார்த்தாராம். பெண் நகர்ந்துவிடுகிறாள், நிறம் மட்டும் கண்ணில் தங்கிவிடுகிறது. உருவத்தின் ஓரத்தைவிட நிறத்தை மனம் முந்திப் பிடித்து, அதிக நேரம் வைத்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டாராம். அப்படியானால் நிறத்தைக் கோட்டுக்குள் பூட்டி வைப்பானேன்? அதன்பிறகு அவர் படங்களில் நீலமும் பச்சையும் மஞ்சளும் அகலப் பட்டைகளாகப் பரவிக் கிடக்கும். அவற்றின்மேல் கறுப்புக் கோடு தன்பாட்டுக்குத் துள்ளி ஓடும். படகின் பாய் ஓரிடம், பாயின் வெள்ளை ஓரிடம்.

அந்தக் கதையை நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பெண் ஓடியதைத் துறைமுகத்தில் நின்ற எல்லோரும்தான் பார்த்திருப்பார்கள். பதினைந்து வருஷமாக நிறத்துக்கு ஒரு கட்டை, கோட்டுக்கு ஒரு கட்டை என்று தனித்தனியாகக் கையில் எடுத்த மனிதனுக்குத்தான் அவை இரண்டும் பிரிந்து தெரியும். எங்கள் வேலையில் ஸ்க்ரீன் செட் பண்ணும்போது முதல் இரண்டு மூன்று இழுப்பு கட்டாயம் விலகித்தான் விழும். கோடு இங்கே, சிவப்பு அங்கே. அதைப் பார்த்ததும் ஸ்க்ரீனைத் தட்டிச் சரிபண்ணுவோம். அப்படி விழுந்த ஒரு துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, 'இதுதான் உயிரோடு இருக்கிறது' என்று அவர் சொல்லியிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. பதினெட்டு வருஷக் கண் இருக்கிறது.

நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த அளவில் இருந்தாலும் தன் குணத்தை விடாத நிறம் நீலம் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. மஞ்சளில் நிழல் ஏறினால் கறுத்துப்போகிறது. சிவப்பு ஆழமானால் பழுப்பு, வெள்ளை சேர்ந்தால் அது சிவப்பே இல்லை, ரோஸ். நீலம் மட்டும் எவ்வளவு அடர்ந்தாலும் எவ்வளவு வெளுத்தாலும் நீலம்தான். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கலர் கிச்சன், அதாவது சாயம் கலக்குகிற அறைதான் ஞாபகம் வந்தது. வரிசையாக டப்பாக்கள். நேவியில் பேஸ்ட் கலந்து கலந்து இறக்கிக்கொண்டே போனால் ராயல், ஸ்கை, கடைசியில் குழந்தைத் துணிக்குப் போடுகிற நீலம். எந்த டப்பாவைத் தொட்டாலும் நீலம் என்றுதான் சொல்வோம். சிவப்பை அப்படி இறக்கினால் மூன்றாவது டப்பாவிலேயே பெயர் மாறிவிடும். கலர் கிச்சனில் நிற்கிற பையனுக்குத் தெரிந்த விஷயம், ஓவியரின் கொள்கையாக எழுதி வைத்திருந்தது.

1925-இல் பாரிஸில் நடந்த பெரிய அலங்காரக் கலைக் கண்காட்சிக்கு புவாரே சீன் நதியில் மூன்று படகுகளை நிறுத்தினார். அதில் ஒன்றுக்கு டூஃபி 14 பெரிய அச்சுத்திரைகள் செய்து கொடுத்தார். பாய்மரப் போட்டி, குதிரைப் பந்தயம், விருந்து. சுவர் அளவு துணியில் அச்சு. புவாரே அந்தப் படகுகளில் சொந்தக் காசைக் கொட்டி நொடித்துப்போனார், 1944-இல் வறுமையில் இறந்தார். டூஃபிக்கோ அந்தச் சுவரளவுத் துணிகள் ஒத்திகைபோல ஆயின. பெரிய சுவர் 1937-இல் வந்தது.

அந்தச் சுவரை நான் பார்த்தேன். ஒரு துணிக் கண்காட்சிக்காக முதலாளி என்னைப் பாரிஸுக்கு அனுப்பியிருந்தார். கடைசி நாள் மதியம் கிடைத்த மூன்று மணி நேரத்தில் நேராக பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது. உள்ளே ஒரு கூடம், சுற்றி வளைந்த சுவர், அதில் 'மின்சார தேவதை'.

உயரம் 10 மீட்டர், நீளம் 60 மீட்டர். 1937 உலகக் கண்காட்சியில் மாலே-ஸ்டீவன்ஸ் கட்டிய மின்சார மண்டபத்துக்காகப் பாரிஸின் மின் விநியோக நிறுவனம் கேட்டுச் செய்தது. ஒட்டுப்பலகையில் 250 துண்டுகள், ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கு 1.20 மீட்டர். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முடித்துவிட்டார். மாரோஜே என்பவர் பக்குவம் செய்த ஓர் ஊடகத்தில் நிறத்தைக் கரைத்துக்கொண்டார். எண்ணெய் வண்ணம்தான், ஆனால் நீர்வண்ணம்போலக் கண்ணாடியாக நிற்கும், சீக்கிரம் காயும். சின்னதாக வரைந்ததை விளக்கு வைத்துப் பலகையில் பெரிதாக விழவைத்துக் கோடு எடுத்தார். நாங்கள் ஃபிலிமுக்குச் செய்கிற வேலைதான். தம்பி ழான் டூஃபி கூட நின்று உதவினார்.

வலது கோடியில் பழைய கிரேக்கத்திலிருந்து கதை தொடங்கி இடப்பக்கமாக நகர்கிறது. கீழ் வரிசையில் மின்சாரத்துக்கு வழி போட்ட நூற்றுக்கும் மேலான விஞ்ஞானிகள், சிந்தனையாளர்கள், அவரவர் காலத்து உடையில். முதலில் எல்லோரையும் உடையில்லாமல் வரைந்து உடம்பை நிறுத்திக்கொண்டு, பிறகுதான் உடை போட்டாராம். மேலே வயல், துறைமுகம், கப்பல், ரயில். நடுவில் ஒலிம்பஸ் தேவர்கள், அவர்களுக்குக் கீழே மின் நிலையத்தின் ராட்சத எந்திரங்கள், இரண்டையும் இணைக்கிற மின்னல். இடது கோடியில் ஓர் இசைக்குழு, ஊரெல்லாம் விளக்கு, வானத்தில் பறக்கிற தேவதை. தேவாலய ஆர்கன்காரரின் மகன் மின்சாரத்தின் கதையைக் கச்சேரியில் கொண்டுபோய் முடித்திருக்கிறார்.

முதல் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு காவலர் அனுமதிக்கிற எல்லைவரை கிட்டே போய் ஓரிடத்தில் நின்றேன். ஒரு மனிதரின் மேலங்கித் தோள். அவர் உருவத்துக்கென்று தனி நிறமில்லை. பின்னாலிருந்து வருகிற ஒரு ஊதாப் பட்டை அவர் பாதி முகத்தைக் கடந்து, பக்கத்தில் நிற்பவரின் கைவரை போய், அங்கே பச்சையாகிறது. கோடு மட்டும் மெல்லியதாக, நடுங்காமல், ஒரே இழுப்பில். ஓர் இடத்தில் தூரிகையில் வண்ணம் தீர்ந்து கோடு வறண்டிருக்கிறது, அவர் திரும்பித் தொட்டு எழுதவில்லை. காதர்பேட்டைக்குப் போன அந்த ஐநூறு கிலோ என் மனதில் ஒருமுறை வந்து போனது.

இவ்வளவு துள்ளலான கோடு போட்ட கைகளை அந்தச் சுவருக்குப் பிறகு மூட்டுவாதம் முடக்கிவிட்டது. போர்க்காலத்தைத் தெற்கே பெர்பிஞ்ஞானில் வைத்தியம் பார்த்துக்கொண்டு கழித்தார். 1950-இல் பாஸ்டனுக்குப் போய், அப்போதுதான் புதிதாக வந்திருந்த கார்ட்டிசோன் வகைச் சிகிச்சை எடுத்தார். விரல்கள் கொஞ்சம் வழிக்கு வந்தன, மறுபடி வரைந்தார். அந்தக் கடைசி வருஷங்களில் லெ ஆவ்ர் கரையோரக் கடலில் ஒரு கறுப்புச் சரக்குக் கப்பலைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். துக்கத்தின் கறுப்பு என்று நினைத்தேன். உச்சி வெயிலில் சூரியனை நேரே பார்த்தால் கண் இருட்டுமே, அந்தக் கறுப்பாம். 1952-இல் வெனிஸ் பினாலேயில் ஓவியத்துக்கான பெரிய பரிசு. 1953 மார்ச் 23-இல் ஃபோர்கால்கியேவில் காலமானார். நீஸ் நகரத்தில் சிமியே இடுகாட்டில் இருக்கிறார்.

அந்த பையர் ஆர்டரையும் சொல்லிவிடுகிறேன். விலகிய நீலம் நாலு மில்லி என்றால், கடைசி மீட்டர்வரை அதே நாலு மில்லிதான் விலகியிருக்க வேண்டும். மூன்றரை ஆனாலும் ரிஜெக்ட். மாஸ்டர் ஸ்டாப்பரை அன்றைக்கு நாலு தடவை சரிபார்த்தார். "வெலகறதுக்கே ரெஜிஸ்டர் புடிக்கோணும் போல" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரீனை இறக்கினார். துணி அருமையாக வந்தது. ஒரு முழம் வெட்டி டிசைன் ரூம் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கூடத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு படம் எடுத்தேன். நாலு பலகைகள் ஒன்று கூடுகிற மூலை. கிட்டே போனால் ஒட்டு தெரிகிறது, மெல்லிய கட்டம்போல. அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு போகிறது. மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஊரில் அப்போது ராத்திரி எட்டு மணி தாண்டியிருக்கும், நைட் ஷிப்ட் தொடங்கியிருக்கும். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது. பின்னால் டிரையர் ஓடுகிற சத்தம்.

"பெருசு பண்ணிப் பார்த்தனுங்க தம்பி. ஜாயிண்ட்ல கோடு ஒடையவே இல்லீங்க."